எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிட்டதா? கோர்ட்டுக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோர்ட் ஊழியரான அமீனா வந்து வாசலில் நிற்கும்போதுதான், தன்மேல் ஒரு வழக்கு நடந்து முடிந்தும் விட்டது என்பது பலருக்குத் தெரிகிறது. கையில் ஒரு ஈ.பி. நோட்டீஸ், அதாவது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனுவின் நோட்டீஸ். அதில் ஓ.எஸ். நம்பர் (அசல் வழக்கின் எண்), வட்டியோடு ஒரு தொகை, அடுத்த வாய்தா தேதி. “நான் கோர்ட் வாசப்படியே மிதித்ததில்லையே, என்னைக் கேட்காமல் எப்படித் தீர்ப்புச் சொன்னார்கள்?” என்று கேட்பார்கள். மிதிக்காததுதான் காரணம். பிரதிவாதி வராமலே ஒருதலையாகக் கொடுக்கும் தீர்ப்பாணைக்குத்தான் எக்ஸ்பார்ட்டி டிகிரி என்று பெயர்.

நான் வக்கீல் இல்லை. ஒரு சின்ன ஊரில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாகப் பல வருஷம் இருந்தவன். மனு டைப் அடிப்பது, நம்பர் வாங்குவது, பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்டுவது, நகலுக்குப் போடுவது, பெஞ்ச் கிளார்க்கிடம் வாய்தா கேட்டு டைரியில் குறிப்பது எல்லாம் கைப்பழக்கம். கீழே இருப்பது தமிழ்நாட்டு உரிமையியல் நீதிமன்றங்களில் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி நடப்பது. கோர்ட்டில் அதை சி.பி.சி. என்றுதான் சொல்வார்கள். மனுவைப் போட வக்கீல் வேண்டும். ஆனால் அவரிடம் எதை எடுத்துக்கொண்டு போவது, என்ன கேட்பது என்று தெரிந்து போனால் பாதி நாள் மிச்சம்.

எந்த எக்ஸ்பார்ட்டி என்று முதலில் பாருங்கள்

ஒரே சொல்லை இரண்டு நிலைக்கும் சொல்வதால் புதிதாக வருபவர்கள் குழம்பிப் போகிறார்கள்.

சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பிரதிவாதி எதிர்வழக்குரை, அதாவது எழுத்து மூலமான பதில், போட வேண்டும். நீதிபதி காரணத்தை எழுதி 90 நாள் வரை நீட்டிக்கலாம். சாதாரண வழக்கில் இந்த 90 நாள் இரும்புச் சுவர் அல்ல, தகுந்த காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வணிக நீதிமன்ற வழக்கு மட்டும் வேறு. அங்கே 120 நாள் தாண்டினால் அவ்வளவுதான், கதவு மூடிவிடும்.

வாய்தா அன்று பெயரைக் கூப்பிடுவார்கள். பிரதிவாதியும் இல்லை, அவர் பக்கம் வக்கீலும் இல்லை என்றால், “கூப்பிட்டும் ஆஜராகவில்லை, செட் எக்ஸ்பார்ட்டி” என்று டைரியில் ஏறும். இது வெறும் உத்தரவு. வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அடுத்து வாதி சாட்சியப் பிரமாணப் பத்திரம் போடுவார், ஆவணங்களைக் குறியீடு செய்வார், அப்புறம்தான் டிகிரி.

டிகிரிக்கு முன்னால் விழித்துக்கொண்டால் சி.பி.சி. ஆர்டர் 9 ரூல் 7-இன் கீழ் மனு. அன்றைக்கு ஏன் வர முடியவில்லை என்று நியாயமான காரணம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு சிறு செலவுத்தொகையோடு முடிந்துவிடும். அந்த மனுவே போடாவிட்டாலும், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்து கலந்துகொள்ளும் உரிமை பிரதிவாதிக்கு உண்டு. 1955-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பின்னால் போன கட்டத்தைத் திரும்பக் கேட்கத்தான் மனு வேண்டும். ஆனால் வாதம் எல்லாம் முடிந்து தீர்ப்புக்கென்று ஒத்திவைத்துவிட்டால் ரூல் 7-க்கு இடமில்லை. டிகிரி வரும்வரை பொறுத்திருந்து ரூல் 13-க்குத்தான் போக வேண்டும்.

இந்தக் கட்டுரையின் மீதி எல்லாம் அதே ஆர்டர் 9-இன் ரூல் 13, அதாவது எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்யக் கேட்கும் மனு பற்றியது.

தெரிந்த அன்றே செய்ய வேண்டியவை

ஒரு தாளை எடுத்து, இன்றைய தேதியையும் விஷயம் எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். யார் சொன்னார், எந்தக் காகிதம் வந்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார். தபாலில் வந்திருந்தால் உறையைக் கிழித்து எறியாதீர்கள். அதன் மேலிருக்கும் தபால் முத்திரைதான் உங்கள் சாட்சி. விளையாட்டாகச் சொல்லவில்லை. பின்னால் கோர்ட்டில் மணிக்கணக்கில் நடக்கும் சண்டை இந்த ஒரு தேதியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அடுத்து, இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ வழக்கைத் தேடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணுமாகக் கலந்த சி.என்.ஆர். நம்பர் ஒன்று உண்டு. அது தெரியாவிட்டால் வழக்கு எண், வருடம், இல்லையென்றால் உங்கள் பெயரை வைத்தே தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். கோர்ட்டில் எப்படி டைப் அடித்தார்களோ அப்படித்தான் வரும். அதில் வாய்தா வரிசை முழுவதும் தெரியும்: சம்மன் எப்போது போனது, எப்போது எக்ஸ்பார்ட்டி, எப்போது டிகிரி.

அப்புறம் வக்கீல் மூலம் வழக்குக் கட்டைப் பார்வையிடக் கேளுங்கள். வாதியின் பிராது (வழக்குரை), சம்மன் திரும்பி வந்த அறிக்கை, வாதியின் சாட்சியப் பிரமாணப் பத்திரம், தீர்ப்பு, டிகிரி, இதற்கெல்லாம் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள். ஆனால் நகல் கைக்கு வரட்டும் என்று மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். மேல்முறையீட்டுக்கு நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ரூல் 13 மனுவுக்கு அந்தக் கழிவு இல்லை. இது தெரியாமல் நகலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கட்டணமில்லா எண் 15100.

30 நாள், எந்த நாளிலிருந்து?

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 123-ஆவது கூறு சொல்வது இது: டிகிரி ஆன தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு செய்யப்படாமல், அதாவது உங்களிடம் சேர்ப்பிக்கப்படாமல் இருந்தால், டிகிரி பற்றி உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

இந்த இரண்டாவது வரியில்தான் உங்கள் வழக்கு நிற்கவோ விழவோ போகிறது. அதே கூறில் ஒரு விளக்கமும் இருக்கிறது: பேப்பரில் விளம்பரம் போடுவது போன்ற மாற்று வழிச் சார்வு, இந்தக் கணக்குக்கு முறையான சார்வாகாது. அதாவது உங்களுக்கு நேரில் சம்மன் வராமல் நாளிதழ் விளம்பரத்தை வைத்து எக்ஸ்பார்ட்டி ஆக்கியிருந்தால், கடிகாரம் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. “போன வாரம்தான் தெரியும்” என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுவார்கள். எதிர்ப்பக்கம் ஈ.பி. கட்டைத் திறந்து, இரண்டு வருஷத்துக்கு முன் இவரே கையெழுத்துப் போட்டு வாங்கிய நோட்டீஸைக் காட்டும். அத்தோடு முடிந்தது. தாமதத்துக்குக் காரணம் சொல்லும் வாய்ப்பே போய்விடும், பொய் சொன்னவர் என்ற பெயர்தான் மிஞ்சும். ஆகவே வக்கீலிடம் உண்மைத் தேதியைச் சொல்லிவிடுங்கள். இரண்டு வருஷத் தாமதத்துக்கு வழி இருக்கிறது. பொய்த் தேதிக்கு இல்லை.

30 நாள் தாண்டிவிட்டால், அதே சட்டத்தின் பிரிவு 5-இன் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு தனி மனு போட வேண்டும். கடைசி நாள் கோர்ட் விடுமுறையில் விழுந்தால் திறக்கும் நாளில் போடலாம். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை என்பதால் இது அடிக்கடி உதவும்.

சம்மன் உண்மையில் வந்ததா?

ரூல் 13-இல் டிகிரியை ரத்து செய்ய இரண்டே காரணம். ஒன்று, சம்மன் முறையாகச் சார்வாகவில்லை. இரண்டு, வழக்கு கூப்பிட்ட அன்று வர முடியாமல் தகுந்த காரணம் தடுத்தது. “என் பக்கம் நியாயம் இருக்கிறது, பணம் வாங்கவே இல்லை” என்பது இந்த மனுவுக்கான காரணம் அல்ல. அதை எதிர்வழக்குரையில் சொல்ல வேண்டும். மனுவிலும் ஒரு பத்தி சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் காரணத்துக்கு, சம்மன் திரும்பிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள்.

கதவில் ஒட்டியதாக எழுதியிருக்கிறதா? அமீனா போனவுடன் ஆள் இல்லை, ஒட்டிவிட்டு வந்தேன் என்றால் போதாது. தக்க முயற்சி எடுத்துத் தேடியிருக்க வேண்டும். வீட்டை யார் அடையாளம் காட்டினார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று பெயரும் விலாசமும் அறிக்கையில் இருக்க வேண்டும். அறிக்கையைப் பிரமாணத்தோடு உறுதிப்படுத்தாதபோது நீதிமன்றம் அமீனாவை விசாரித்து, இது முறையான சார்வுதான் என்று அறிவிக்கவும் வேண்டும். பல கட்டுகளில் இந்தச் சடங்குகள் அரைகுறையாகத்தான் இருக்கும். அதுதான் உங்களுக்குப் பிடி.

வீட்டிலிருந்தவர் வாங்கியதாக இருக்கிறதா? பிரதிவாதி வீட்டில் இல்லை, சீக்கிரம் கிடைக்கவும் மாட்டார் என்ற நிலையில், கூடவே குடியிருக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினர், ஆணோ பெண்ணோ, வாங்கினால் செல்லும். வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்று சட்டமே சொல்கிறது. பாகம் பிரிந்து பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணன் வாங்கியிருந்தால், கூடக் குடியிருப்பவர் இல்லை என்று ரேஷன் கார்டை வைத்துக் காட்டலாம்.

தபால் உறையில் “வாங்க மறுத்தார்” என்று இருந்தால் நிலைமை கடினம். மறுத்தால் சார்வானதாகவே கொள்வார்கள். அந்தத் தேதியில் நீங்கள் ஊரிலேயே இல்லை என்று காட்ட முடிந்தால் மட்டுமே வழி. ரிஜிஸ்தர் தபாலைக் கையால் தொடாவிட்டால் கேஸ் ஒட்டாது என்று திண்ணையில் உட்கார்ந்து யோசனை சொல்பவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் எத்தனையோ எக்ஸ்பார்ட்டி.

பழைய விலாசத்துக்குச் சம்மன் போவதும் சகஜம். பத்திரத்திலோ ப்ரோநோட்டிலோ இருந்த விலாசத்தையே பிராதில் போட்டிருப்பார்கள், நீங்கள் வீடு மாறி ஆறு வருஷம் ஆகியிருக்கும். வாக்காளர் அட்டை, கேஸ் இணைப்பு, கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எது கிடைத்தாலும் சேருங்கள். புது விலாசம் வாதிக்குத் தெரியும் என்று காட்டும் ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அது தங்கம்.

ஒரு எச்சரிக்கை. 1976 திருத்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள்: வாய்தா தேதி உங்களுக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் கருதினால், சார்வில் ஏதோ ஒழுங்குக் குறை இருந்தது என்பதற்காக மட்டும் டிகிரியை ரத்து செய்யாது. சந்தையில் வாதியைப் பார்த்து “கேஸ் போட்டுட்டியாமே” என்று சண்டை போட்டவர், சம்மன் ஒட்டியதில் சாட்சி கையெழுத்து இல்லை என்று வாதாடிப் பயனில்லை.

தகுந்த காரணம்: பிரமாணப் பத்திரம் எழுதுவது எப்படி

சம்மன் வாங்கியது உண்மை என்றால் இரண்டாவது காரணம்தான் மிஞ்சும். எங்கள் ஆபீஸில் வருஷக்கணக்கில் ஓடிய பழைய டைப் ஒன்று இருந்தது. “அன்றைய தேதியில் எனக்கு மஞ்சள் காமாலை கண்டு, நாட்டு வைத்தியம் பார்த்து வந்தபடியால் நேரில் ஆஜராக இயலவில்லை.” பெயரையும் தேதியையும் மாற்றினால் மனு ரெடி. தமிழ்நாட்டில் எக்ஸ்பார்ட்டி ஆனவர்கள் எல்லோருக்கும் மஞ்சள் காமாலைதான் என்று ஒரு நீதிபதி திறந்த கோர்ட்டிலேயே சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே காமாலை வந்தவன்தான் பாவம்.

உங்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எக்ஸ்பார்ட்டி ஆனதோ அந்தத் தேதிக்குத்தான் காரணம் வேண்டும் என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு முன் எத்தனை வாய்தா வாங்கினீர்கள் என்பதைக் குத்திக்காட்டி மனுவைத் தள்ளக்கூடாது. ஆகவே அந்த நாளைச் சுற்றி ஆதாரம் தேடுங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, இறப்புச் சான்று, பஸ் ரயில் டிக்கெட், வேலை செய்யும் இடத்து வருகைப் பதிவேடு, வக்கீலோடு பேசிய செய்திகள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தவர்கள் பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை உள்ள பக்கங்களை வைத்தால் பாதி வேலை முடிந்தது. இன்னும் வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பிரமாணப் பத்திரத்தை அனுப்பலாம். ஊரில் நம்பகமான ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்தும் நடத்தலாம்.

தாமத மனு என்றால், டிகிரி தேதியிலிருந்து மனு போடும் தேதி வரை உள்ள காலத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லுங்கள். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தெரியாது, இன்ன நாளில் தெரிந்தது, இன்ன நாளில் வக்கீலைப் பார்த்தேன், இன்ன நாளில் நகல் வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு என்பதை இயந்திரத்தனமாகப் பார்க்கக் கூடாது என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் நடுவில் எட்டு மாதம் வெறுமையாக இருந்தால் நீதிபதியின் பேனா அங்கேதான் நிற்கும். நாட்களைச் சரியாக எண்ணுங்கள். 412 நாள் என்று எழுதி உண்மையில் 431 ஆக இருந்தால் மனுவைத் திருப்பிவிடுவார்கள்.

வக்கீல் கைவிட்டார் என்பதும் காரணமாகுமா? ஆகும், அளவோடு. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1991-ல் எக்ஸ்பார்ட்டி டிகிரி. பிரதிவாதி உடனே ரத்து மனு போட்டுவிட்டார். வக்கீல் ஆஜராகாததால் 1993-ல் அந்த மனுவே தள்ளுபடி ஆனது, கட்சிக்காரருக்குத் தெரியாது. 1995-ல் டிகிரியை நிறைவேற்ற வந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. அதற்குள் 883 நாள் தாமதம். கீழ்க் கோர்ட் மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது. 1998-ல் உச்ச நீதிமன்றம், எத்தனை நாள் என்பது பெரிதல்ல, சொல்லும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதுதான் கேள்வி என்று சொல்லி, 10,000 ரூபாய் செலவுத்தொகையோடு மன்னித்தது. இன்றுவரை எல்லாத் தாமத மனுவிலும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. அவர் அந்த வக்கீல்மேல் நுகர்வோர் மன்றம் போய் 50,000 ரூபாய் இழப்பீட்டு உத்தரவும் வாங்கியிருந்தார். இன்று அந்த வழி இல்லை. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பார் கவுன்சிலில் புகார் செய்யும் வழி இருக்கிறது.

883 நாளுக்கே மன்னிப்பு கிடைத்ததே என்று அசந்துவிடாதீர்கள். அண்மைத் தீர்ப்புகளில் காற்று மாறியிருக்கிறது. வக்கீல்மேல் பழி போட்டுவிட்டு நீங்கள் வருஷக்கணக்கில் ஒரு போன்கூடப் போடவில்லை என்றால் எடுபடாது. போன் போட்டதற்கு, பீஸ் கொடுத்ததற்கு, அவர் பதில் சொன்னதற்கு ஏதாவது தடயம் வேண்டும்.

என்னென்ன காகிதம், எப்படி நகரும்

ரூல் 13 மனு, பிரமாணப் பத்திரம், தாமதம் இருந்தால் பிரிவு 5 மனு, அதற்கும் தனிப் பிரமாணப் பத்திரம், வக்காலத்து, ஆதாரங்களின் நகல். இவற்றோடு எதிர்வழக்குரையையும் தயார் செய்து சேர்த்தே போடச் சொல்லுங்கள். இழுத்தடிக்க வந்தவர் இல்லை, வழக்கு நடத்த வந்தவர் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

டிகிரி கொடுத்த அதே நீதிமன்றத்தில்தான் மனு. போட்டவுடன் நம்பர் ஆகிவிடாது. ஏதாவது குறை சொல்லித் திருப்புவார்கள்: பக்க எண் இல்லை, நாள் கணக்குத் தவறு, நகல் தெளிவில்லை. திருப்பியதைக் குறிப்பிட்ட நாளுக்குள் சரிசெய்து மீண்டும் போட வேண்டும். திரும்பிய கட்டு அலமாரியில் தூங்கிப்போய் அதற்கே இன்னொரு தாமத மனு போட்ட கதை எங்கள் ஆபீஸிலேயே நடந்தது. வாரம் ஒருமுறை “நம்பர் ஆச்சா?” என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தாமதம் உள்ள வழக்கில் முதலில் பிரிவு 5 மனுவுக்குத்தான் ஐ.ஏ. நம்பர், அதாவது இடைமனு எண், விழும். அது அனுமதியான பிறகே ரூல் 13 மனு நம்பர் ஆகும். அப்புறம் வாதிக்கு நோட்டீஸ் போக வேண்டும். எதிர்ப்பக்கத்துக்கு அறிவிக்காமல் டிகிரியை ரத்து செய்ய முடியாது. பேட்டா கட்டத் தவறினால் அதற்காகவே உங்கள் மனு தள்ளுபடியாகும். வாதி எதிருரை போடுவார், தேவைப்பட்டால் உங்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார். பிரமாணப் பத்திரத்தை நீங்களே ஒருமுறை படித்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

மனு போட்டால் மட்டும் அமீனா நிற்கமாட்டார்

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். ரத்து மனு போட்டதாலேயே டிகிரி நிறைவேற்றம் தானாக நிற்காது. தடை கேட்டுத் தனி மனு போட வேண்டும். ஈ.பி. நிலுவையில் இருந்தால் அதிலும் ஆஜராகி, ரத்து மனு இருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். அங்கேயும் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடாதீர்கள்.

அவசரம் ஏன் என்றால், பணத்துக்கான டிகிரியில் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடுவார்கள். வழக்குக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் நல்லெண்ணத்தில் ஏலம் எடுத்து அது உறுதியாகிவிட்டால், பின்னால் டிகிரி ரத்தானாலும் அவரிடமிருந்து சொத்தை மீட்பது அநேகமாக முடியாது. டிகிரி வாங்கிய வாதியே எடுத்திருந்தால் சி.பி.சி. பிரிவு 144-இன் கீழ் பழைய நிலைக்குத் திருப்பக் கேட்கலாம். கடனுக்கு ஈடாகக் கிரய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். “ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடு” என்று வாதி எக்ஸ்பார்ட்டி டிகிரி வாங்கிவிட்டால், நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும் நீதிமன்றமே உங்கள் சார்பில் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடும். அவர் அதை இன்னொருவருக்கு விற்றால் சிக்கல் இரட்டிப்பு.

உத்தரவு வந்த பிறகு

பெரும்பாலும் நிபந்தனையோடுதான் அனுமதிப்பார்கள். இன்ன தேதிக்குள் இவ்வளவு செலவுத்தொகை, பண வழக்கானால் டிகிரித் தொகையில் ஒரு பகுதி டெபாசிட், தவறினால் மனு தானாகத் தள்ளுபடி. அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய், 2,000 ரூபாய் கட்ட மறந்து வழக்கையே இழந்தவர்கள் உண்டு. கட்ட முடியாவிட்டால் தேதி முடியும் முன்பே நீட்டிப்பு கேளுங்கள். சி.பி.சி. பிரிவு 148-இல் மொத்தம் 30 நாள் வரைதான் நீட்டிப்பு. வாதியின் வக்கீல் பணத்தை வாங்க மறுத்தால் கோர்ட்டில் டெபாசிட் செய்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரூல் 13 மனு தள்ளுபடியானால் சி.எம்.ஏ. எனப்படும் உரிமையியல் பல்வகை மேல்முறையீடு. தாமத மனுவே தள்ளுபடியானால் இங்கே வழக்கமாக உயர் நீதிமன்றத்தில் சி.ஆர்.பி., அதாவது சீராய்வு மனு. உங்கள் ஊரைப் பொறுத்து சென்னை அல்லது மதுரைக் கிளை.

இதற்கிடையில் இன்னொரு வழியும் இருக்கிறது: டிகிரிமேல் நேரடியாக முதல் மேல்முறையீடு. மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். வாதி தன் வழக்கை நிரூபிக்கவே இல்லை, தீர்ப்பில் காரணமே இல்லை என்றால் இந்த வழி பலமானது. பிரதிவாதி வரவில்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு டிகிரி கொடுக்கக் கூடாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. “வாதி விசாரிக்கப்பட்டார், ஆவணங்கள் குறியிடப்பட்டன, வழக்கு நிரூபணமானது” என்ற மூன்று வரித் தீர்ப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றதில்லை. ஆனால் மேல்முறையீட்டுக்கு வழக்கின் மதிப்பில் முழுக் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். ரூல் 13 மனுவுக்குச் சில்லறைதான். இரண்டையும் சேர்த்தும் போடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மேல்முறையீடு தள்ளுபடியாகி முடிந்துவிட்டால் ரூல் 13 கதவும் சாத்திக்கொள்ளும். மேல்முறையீட்டை வாபஸ் வாங்கியிருந்தால் மட்டும் விலக்கு. அதனால் என் கணக்கில் சம்மன் வராதவர்கள் முதலில் ரூல் 13-ஐத்தான் பிடிக்க வேண்டும்.

ஆள்மாறாட்டம், போலிக் கையெழுத்து என்று மோசடியால் வாங்கிய டிகிரி என்றால் தனி வழக்கே போடலாம். மோசடி தெரிந்ததிலிருந்து மூன்று வருஷம். அது நீண்ட பாதை.

வேறு சில வகைகளுக்கு விதி வேறு. ப்ரோநோட்டு, செக் போன்றவற்றின் மேல் போடும் ஆர்டர் 37 சுருக்க வழக்கில் 10 நாளில் ஆஜராகியிருக்க வேண்டும், ரத்து செய்யச் சிறப்பான சூழ்நிலை காட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் மாவட்ட அளவில் எக்ஸ்பார்ட்டி உத்தரவு வந்தால் அங்கேயே ரத்து கேட்க முடியாது, மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடுதான். விவாகரத்து எக்ஸ்பார்ட்டி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்தால் எதிர்த்தரப்பு மறுமணம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. செக் கேஸ் குற்றவியல் வழக்கு. அங்கே போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி கிடையாது, வாரண்ட்.

டிகிரி ரத்தானால் வழக்குப் பழைய நம்பரிலேயே மறுபடி பட்டியலில் ஏறும். நீதிபதி ஒரு தேதி குறிப்பார். அன்றைக்கு எதிர்வழக்குரை கட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் இல்லாதபோது சாட்சி சொன்ன வாதியை இனிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அப்புறம் இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த சி.என்.ஆர். நம்பரைச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் சாயங்காலம் அதைத் திறந்து பார்த்துவிட்டு, வக்கீல் குமாஸ்தாவுக்கு ஒரு போன் போடுங்கள். வக்கீல் எடுக்காத போனையும் குமாஸ்தா எடுப்பான்.